பதினான்கு நாள்

பெட்டியை இன்னும் தூக்கிப் போடவில்லை.
உள்ளே அது படுத்திருந்த பள்ளம்
அதே அளவில் காத்திருக்கிறது.
பதினோராயிரத்து நானூற்றுத் தொண்ணூறு குரோனர்.
பதினான்கு நாளைக்குள் திருப்பினால்
ஒரு காசு குறையாது என்கிறார்கள்.
இன்று பன்னிரண்டாம் நாள்.

முதல் நாளே விரலைக் கேட்டது.
வைத்தேன்.
இன்னொரு தரம் என்றது.
துடைத்துவிட்டு வை என்றது.
பத்தொன்பது வருஷமாகக் காட் மீனின் வயிற்றைக் கீறி
உப்புத் தண்ணீரில் அலசிய கை,
ரேகை எங்கே போயிற்றென்று
போட்ஸ்ஃபியூர் துறைமுகத்தைத்தான் கேட்க வேண்டும்.
கடைசியில்
இடது கைச் சுண்டுவிரலை மட்டும் ஒப்புக்கொண்டது,
வேலைக்கு உதவாத விரல் என்று
ஃபோர்மேன் ஊட்வார் கேலி செய்வானே, அதை.

சரி, முகம்.
முகத்தைக் காட்டு, வட்டமாகத் திருப்பு.
திருப்பினேன்.
நவம்பர் கடைசியிலிருந்து எங்களுக்குச் சூரியன் கிடையாது.
மத்தியானம் தெற்கே கொஞ்சம் நீலம், அவ்வளவுதான்.
அந்த நீலத்தைப் படம் எடுத்தால்
விடியலைப் பூசிக் கொடுக்கிறது.
இல்லாத வெளிச்சம் எனக்கு எதற்கு, இந்த விலைக்கு?
தொப்பியும் கழுத்துத் துணியும் மூடியிருந்தால்
நீ யார் என்கிறது.
பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டு
மூக்கைத் திறந்து காட்டி நிரூபிக்க வேண்டியிருக்கிறது
நான் சிக்னே என்று.

பழையதன் திரையில் விரிசல்.
கீழ் மூலையில் ஓர் எழுத்து அமுங்காது,
அது வராத சொற்களாகவே எழுதப் பழகிவிட்டேன்.
குளிர் கூடினால் மூச்சை விட்டுவிடும்;
அக்குளில் வைத்து அடைகாத்தால் எழுந்திருக்கும்.
அதற்கு என்னைத் தெரியுமா என்றால், தெரியாது.
கேட்டதும் இல்லை.

முந்தாநாள் முடிவெடுத்தேன், திருப்பிவிடுவது.
படிவத்தில் ஒரு கட்டம்: காரணம்.
விருப்பமிருந்தால் நிரப்பவும் என்று அடியில் பொடி எழுத்து.
விட்டிருக்கலாம்.
அரை மணி நேரம் யோசித்து
'குறை ஒன்றுமில்லை, பொருத்தமில்லை' என்று எழுதினேன்,
கல்யாணப் பேச்சை முறிக்கிறவர்கள் மாதிரி.

எங்கள் ஊரில் பார்சல் வாங்கும் மேசை ஒன்றுதான்.
மளிகைக்கடையின் கோடியில்,
உருளைக்கிழங்குக்கும் லாட்டரிச் சீட்டுக்கும் நடுவே.
அங்கே இருப்பவள் ராக்னா.
என் தங்கை.
அப்பாவின் படகுக் கொட்டகையை
என்னிடம் ஒரு சொல் கேட்காமல்
ட்ரொம்ஸோக்காரன் ஒருவனுக்கு விற்றவள்.
நாலு வருஷமாயிற்று.
அவள் வேலையில் இருக்கும் நாளில்
நான் பால் வாங்கக்கூடப் போவதில்லை.

நேற்று அவளுக்கு விடுமுறை என்று எண்ணிப் போனேன்.
இருந்தாள்.

பெட்டியை வைத்தேன்.
கண்ணைப் பார்க்காமல் சட்டையிலிருந்த பெயர்ப் பட்டியைப் பார்த்தேன்.
"உள்ளே பேட்டரி உண்டா?"
நாலு வருஷத்தில் முதல் வாக்கியம்.
உண்டு என்றேன்.
"அணைத்தாயிற்றா?"
அது எனக்குத் தோன்றவே இல்லை.
அவளே எடுத்தாள், முகத்துக்கு நேரே பிடித்தாள்,
திறந்துகொண்டது.

என் பூட்டு.
சுண்டுவிரல் இல்லாமல், வட்டமாகத் திருப்பாமல்,
இன்னொரு தரம் என்று கேட்காமல்.

இருவரும் அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.
பின்னால் வரிசையில் மூன்று பேர்,
ஒருவர் கையில் பீட்ஸா உருகிக்கொண்டிருந்தது.
அவள் மூக்கு அப்பாவின் மூக்கு.
என்னுடையதும்தான்.
அதை எவனுக்கு விற்பாள்?

"இது பழுதா, இல்லை..." என்றாள்.
முடிக்கவில்லை.
பிறகு, "டேப் தீர்ந்துபோயிற்று" என்றாள்.
அவள் முழங்கைப் பக்கத்தில்
பிரிக்காத டேப் உருளை ஒன்று இருந்தது.
"நாளைக்குக் கொண்டுவா."

அந்த நாளை இன்றைக்கு.
கட்டத்தில் எழுதியதை அழித்துவிட்டு
'இன்னொருத்திக்கும் திறக்கிறது' என்று எழுதியிருக்கிறேன்.
படித்துப் பார்த்தால்
புகார் மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும்.
கடை எட்டு மணி வரை.
இப்போது ஏழே கால்.

விளக்கைப் போடாமல்
அதன் முன்னால் முகத்தை நீட்டினேன்.
கொஞ்சம் தயங்கிற்று.
திறந்தது,
யாரென்று நினைத்தோ.