கீழ்த்தளம் இரண்டு

லிஃப்ட் பொத்தான்களில் எங்கள் தளத்துக்கு எண் கிடையாது.
சரிவில் இறங்கி, ஆம்புலன்ஸ்களைத் தாண்டி,
பிணவறையைத் தாண்டி
ப்ளோயர் இரைச்சல் காதை அடைக்குமிடத்தில்
செருப்பை மாற்ற வேண்டும்.

ஒயிட்ஃபீல்டில் நானூறு படுக்கை ஆஸ்பத்திரி.
நானூறு பேர் கழித்ததும், கழுவியதும்,
வாந்தியும், தரை துடைத்த வாளியும்
என் தொட்டிக்கு வந்துதான் ஆகவேண்டும்.
நான் அதைச் சுத்தம் செய்வதாக
அடையாள அட்டையில் போட்டிருக்கிறது.
செய்பவை கண்ணுக்குத் தெரியாத கோடி வாய்கள்.
நான் அவற்றுக்குக் காற்று ஊதுகிறவன்.

காலை ஆறு மணிக்கு
ஒரு லிட்டர் கண்ணாடி உருளையில்
தொட்டி நீரை மொண்டு வைப்பேன். முப்பது நிமிடம்.
நல்ல நாளில் சேறு
காப்பிப்பொடி நிறத்தில் இறங்கி உட்காரும்,
மேலே நீர் தெளியும்.
வாசம், மழை விழுந்த மண் மாதிரி.
சொன்னால் மனைவி சிரிப்பாள்:
"மொதல்ல குளிச்சிட்டு வா."

அந்தச் செவ்வாய்க்கிழமை சேறு இறங்கவில்லை.
சாம்பல் நிறத்தில், திரிந்த பால் போல
நடுவிலேயே தொங்கியது.
தொட்டிமேல் வெள்ளை நுரை முழங்கால் உயரம்.
எவ்வளவு செத்திருக்கும் என்று
எண்ணிப் பார்க்கவும் வழியில்லை.

மூன்றாம் மாடி, மருந்துக் கிடங்கு.
கழுவுதொட்டி அருகே சைத்ரா
புட்டி புட்டியாகத் திறந்து கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.
சிப்ரோ, லினிசோலிட்,
போன மாதம் தேதி முடிந்தவை, அறுநூறுக்கு மேல்.
மஞ்சள் பையில் போடலாமே என்றேன்.
மஞ்சளுக்குக் கிலோ கணக்கில் காசு,
எடையைக் குறைக்கச் சொல்லி சர்க்குலர்,
காலிப் புட்டி நீலப் பையில் போய்விடும் என்றாள்.
"நீரே அல்வா, அண்ணா?"
தண்ணீர்தானே என்கிறாள்.
பிறந்ததிலிருந்து கன்னடம் கேட்டும்
என் காதில் அது தமிழ் அல்வாவாகத்தான் விழுந்தது.
யாருக்குக் கொடுக்கிறோம், தங்கச்சி?

கோபப்படத்தான் ஏறிப்போனேன்.
காலையிலிருந்து நின்றே இருந்திருக்கிறாள்,
கணுக்கால் வீங்கியிருந்தது.
அந்த அறையில் நாற்காலி இல்லை.

தேதி முடிந்தது என்கிறார்கள்.
தேதிதான் முடியும், மருந்து முடியாது.
எங்கள் மாரிக்குப்பத்தில்
தங்கம் பிரித்தெடுத்து, சயனைடு கலந்து,
வேலை முடிந்த மண் என்று கம்பெனி கொட்டியது
இன்னும் மேடாக நிற்கிறது.
ஆடி மாதம் காற்றடித்தால்
சோற்றுத் தட்டை மூடித்தான் சாப்பிடுகிறோம்.

வெல்லம் பதினைந்து கிலோ,
பசுஞ்சாணம் நாலு டிரம்.
வெல்லம் எதற்கு என்று அக்கவுண்ட்ஸில் கேட்டார்கள்.
நோயாளிகளுக்கு என்று எழுதிக் கொடுத்தேன்.
பொய்யில்லை.
கரைத்துக் கரைத்து ஊற்றினேன், ஒன்பது நாள்,
காய்ச்சல் விட்ட பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டுவதுபோல.
பத்தாம் நாள் பழுப்பு திரும்பியது.
உருளையில் சேறு உட்கார்ந்தது.
மாரிக்குப்பம் ரயிலில் நின்றுகொண்டே வந்தும்
வலி தெரியவில்லை.

பங்காருப்பேட்டை தாண்டியபோதுதான் உறைத்தது.
பிழைத்தவை எவை?
அறுநூறு புட்டி குடித்தும் சாகாதவை.
மருந்தை மனப்பாடம் செய்துவிட்டவை.
அவற்றைத்தான் வெல்லம் கொடுத்து
ஊர்போல் பெருக்கியிருக்கிறேன்.
பாதித் தண்ணீர் கழிவறைக்கும் செம்பருத்திக்கும்.
மீதி ராஜகாலுவேயில் இறங்கி
வர்த்தூர் ஏரிக்குப் போகிறது, யாரும் கேட்காமல்.

இப்போதெல்லாம் மாதக் கடைசியில்
நானே மூன்றாம் மாடிக்குப் போகிறேன்.
கீழ்த்தளத்து நாற்காலி ஒன்று அங்கே இருக்கிறது.
புட்டிகள் மூடியோடு மஞ்சள் பைக்குள் போகின்றன.
எடை கூடியதற்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது,
இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம்.
அடுத்தது வரும்.

பதிவேட்டில்
நிறத்துக்குக் கட்டம் உண்டு, மணத்துக்கு உண்டு,
சேறு எத்தனை மில்லி என்பதற்கும் உண்டு.
பிழைத்தவை எவை என்று எழுதக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதி வைக்கிறேன்,
பென்சிலால்.