பதினான்கில் ஒன்று

ஒட்டுசுட்டானுக்குத் தெற்கே கிரவல் ஓடுபாதை.
குளங்களைப் படம்பிடிக்க வந்த நாலு இருக்கை விமானம்
வலது மக்னீற்றோவுக்கு மாற்றியதும்
இருமிக்கொண்டு நின்றுவிட்டது.

தறப்பாளில் கருவிகளை அடுக்கினேன்: பதினான்கு.
எட்டுப் பிளக்கையும் கழற்றி
பல்லுத் தீட்டும் பிரஷால் பெற்றோலில் கரி போக்கினேன்.
இடைவெளி பார்க்கும் தகடு இரத்மலானையில்.
இறுக்கம் அளக்கும் சாவியும் இரத்மலானையில்.

கிருபைராசா கராஜிலிருந்து ஒரு பெடியன்
உழவு இயந்திரத் தகட்டைக் கொண்டுவந்தான்.
ஹாண்டிலில் ஜப்பான் மீன் பை,
பைக்குள் வில்லுத்தராசு.
அதைப் பார்த்ததும் கணக்கு வந்தது:
ஓரடிச் சாவியின் நுனியில் கொளுவி இழுத்தால்
பதின்மூன்றரைக் கிலோவில் நிறுத்த வேண்டும்.
எட்டுத் தடவை நிறுத்தேன்,
மீன் வாங்குகிறவனைப் போல முள்ளை முறைத்தபடி.

எஞ்சின் சீராகப் பாடியது.
கருவிகளை எண்ணினேன். பதின்மூன்று.

"ஒரு சொக்கற்தானே," என்றான் விமானி லக்மால்,
சூரியனைப் பார்த்து.
இல்லையடா தம்பி.
காணாமற்போன இரும்பும் கூடவே பறக்கும்.
எந்தக் கம்பிக்கு இடையில் போய்ப் படுக்கும் என்று
மேலே போனபிறகுதான் சொல்லும்.

றோட்டுக்கு அங்கால் கண்ணிவெடி அகற்றும் அணி.
வேலை முடித்துத் தலைக்கவசம் கழற்றிய சுபோதினி
உலோகம் தேடும் கருவியோடு வந்தாள்.
"வெள்ளைக் கல்லைத் தாண்டாதேங்கோ."
சாணுக்குச் சாண் அது கத்தியது.
சோடா மூடி.
பெட்டி ஆணி.
கோதுகள், பச்சை பிடித்து, ஏழு.
கரண்டியின் காம்பு.
ஒரு வீட்டுத் திறப்பு.

அதை மட்டும் சட்டைக் கையில் துடைத்து
என் கருவிகளின் வரிசைக்குக் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.
"இந்த மண்ணிட்ட இரும்பு கேட்டால்
கேட்டதைத் தவிர எல்லாம் தரும்."

மைம்மலில் மோட்டார் சைக்கிள் திரும்பி வந்தது.
"அண்ணை, இது மீனுக்குள்ள கிடந்தது."
உள்ளங்கையில் சொக்கற், செதில் ஒட்டி.
லக்மால் சிரித்தான், நான் சிரித்தேன்,
பெடியன் ஏச்சுக்குப் பயந்து நின்றான்.
அன்றைக்குப் பறக்கவில்லை.

இறக்கையின் கீழே, டோர்ச் வெளிச்சத்தில்,
பதிவேட்டில் எழுதினேன்:
பிளக் எட்டு, துப்புரவு. கருவி பதினான்கு, சரி.
திறப்புக்கு அதில் கட்டம் இல்லை.
சுபோதினியின் படிவத்தில் இருந்தது.
முழங்காலில் வைத்து எழுதினாள்:
வெடிபொருள் அல்லாத உலோகம்.
எண்ணிக்கை என்ற இடத்தில்
கொஞ்ச நேரம் பேனை நின்றது.
பிறகு, மற்றவற்றோடு சேர்க்காமல்,
தனியாக ஒன்று.