நாற்பத்தொன்றாம் வரி

கைப்பேசியில் ஏற்கெனவே மூன்று நாட்காட்டி.
ஒன்று, பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லிவிட்டுக்
காப்புறுதி விற்கிறது.
ஒன்றில் கோதைக்குத் தெரிவது எனக்குத் தெரியாது.
மூன்றாவதன் கடவுச்சொல் மறந்துபோயிற்று.

அதனால் இந்தக் கறுப்புத் திரை.
செம்பவாங், பதினோராம் மாடி,
தாழ்வாரத்தில் யாரோ மிதிவண்டியைப் பூட்டும் சத்தம்.
கோதை தாதி. இந்நேரம் வார்டில் இருப்பாள்.
நான் மின்தூக்கி பழுதுபார்ப்பவன்.
எந்த புளோக்கில் பெட்டி நின்றாலும்
முதலில் என் கைப்பேசிதான் அலறும்.

விதி ஒன்றே ஒன்று: ஒரு வரிக்கு ஒரு காரியம்.
ஆண்டு, கோடு, மாதம், கோடு, தேதி,
ஓர் இடைவெளி, அப்புறம் உன் இஷ்டம்.
வெறும் எழுத்துக் கோப்பு.
செய்த கம்பெனி மூடினாலும் திறக்கும்;
செய்த கம்பெனி நான்தான்.

முதல் நாள், ஒன்பதுக்கு முன்னால் பத்து வந்து நின்றது.
இயந்திரம் எண்ணைப் படிக்கவில்லை, எழுத்தைப் படித்தது.
ஒன்பதின் முன்னால் ஒரு பூஜ்யம் வைத்தேன்.
மதிப்பில்லாததை முன்னால் நிறுத்தினால்தான்
வரிசை சரியாகிறது.
எங்கள் அலுவலகத்திலும் அப்படித்தான்.

இரண்டாம் வாரம் கட்டம் போட்டேன்.
என் வரிகள் நேராக நின்றன.
கோதை பெயர் வந்த இடத்தில் மட்டும்
ஓரம் இடப்பக்கம் சாய்ந்தது.
கோப்பி ஆறும் வரை தேடினேன்.
கோதை, எனக்கு இரண்டெழுத்து.
அதற்கு நான்கு:
க ஒன்று, கொம்பும் காலும் சேர்த்து இன்னொன்று,
த ஒன்று, அதன் ஐகாரம் ஒன்று.
நாலு பேர் வருகிறார்கள் என்று நம்பி
வெற்றிடத்தில் இரண்டைக் குறைத்திருக்கிறது.
கொம்பையும் காலையும் எண்ணாதே என்று எழுதினேன்.
நிமிர்ந்தது. என் திரையில்.
அவள் பழைய மடிக்கணினியில் இன்னும் சாய்கிறது.

இன்று நிரல் பாதியில் நின்றுவிட்டது.
வரி 41: தேதி இல்லை.

நாற்பது, ஏர்கான் கழுவ ஆள்.
நாற்பத்திரண்டு, தாரகை பள்ளியில் பெற்றோர் சந்திப்பு.
நடுவில், வேலை முடிந்து வந்த காலையில்,
நான் குளித்துக்கொண்டிருந்தபோது அடித்திருக்க வேண்டும்:

செம்பவாங் கடற்கரை. சும்மா.

மின்தூக்கியில் ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு மாடி உண்டு.
மாடியில்லாத பொத்தானை யாரும் செய்வதில்லை.
தேதியில்லாத வரியைத் தள்ளிவிடு என்று
ஒரே சொல்லில் முடித்திருக்கலாம்.
தள்ளாதே,
ஒவ்வொரு மாதத்தின் அடியிலும் காட்டு என்று
மூன்று வரி சேர்த்தேன்.

பிறகு ஒரு புதுக் கட்டளை: காலி.
இரண்டு கோப்பிலும் ஒன்றும் இல்லாத நாளைச் சொல்.
மார்ச்சைக் கேட்டேன். பதில் இல்லை.
பிழையோ என்று இருமுறை பார்த்தேன்.
சொல்ல ஒன்றுமில்லை என்றால் வாயைத் திறக்காதே என்று
நானே எழுதி வைத்தது.
குறி மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது.

ஏப்ரல்?
19.

நாற்பத்தொன்றாம் வரியின் தலைக்குப் போய்
பத்து எழுத்தும் ஓர் இடைவெளியும் அடித்தேன்.
அழித்தேன். அது அவள் கோப்பு.

மணி ஒன்றரைக்குக் கைப்பேசி.
ஈசூனில் ஒரு பெட்டி
ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் நிற்கிறதாம்,
உள்ளே ஓர் ஆளும் ஒரு நாயும்.
குளிர்பெட்டிக் கதவில் சீட்டு ஒட்டினேன்:
காலி என்று அடித்துப் பார்.

ஒன்றும் எழுதாததால் கிடைத்த நாள்.
அதை வேறு யாரும் எடுத்துக்கொள்ளாமல் இருக்க
அதில் ஏதாவது எழுதியாக வேண்டும்.
என்ன எழுதுவது என்று
ஈசூன் போய்ச் சேரும் வரை யோசித்தேன்.
நாய் குரைப்பது கீழ்த்தளம் வரை கேட்டது.