முப்பத்தெட்டு விநாடி

லிவியோவின் ஸ்டூல் எனக்கு இரண்டு அங்குலம் உயரம்.
திருகி இறக்கப் பார்த்தேன், துரு.
"விட்டுவிடு" என்றார் எர்மன்னோ.
செத்தவர் மேல் பக்தி என்று நினைத்தேன்.
சாவி தொலைந்துவிட்டதாம்.

எழுபத்துமூன்றில் வந்த இசைத்தட்டு.
நான் பிறக்க இன்னும் ஒன்பது வருஷம் இருந்தது.
கதை இவ்வளவுதான்:
டூரின் கார் ஆலையில் துல்லியோ என்றொருவன்
இரவு ஷிஃப்ட் முடிந்து அட்டை குத்துகிறான்.
வாசலைத் தாண்டி வெளியே வரவில்லை.
சங்குக்கும் வாசலுக்கும் நடுவே எங்கேயோ
நாற்பது நிமிஷம் தொலைந்துபோகிறது, அவனும்.
எட்டுப் பாட்டிலும் ஊர் அவனைத் தேடுகிறது,
அவன் அந்த நாற்பது நிமிஷத்தை.
("யூனியனிடம் சொன்னானா?" என்றாள் என் தங்கை.)

போ ஆற்றங்கரையில்
படகுக் கழகத்தின் கிடங்கில் ஒத்திகை.
ஆர்கன் மேல் யாரோ துடுப்புகளைக் காயவைத்திருந்தார்கள்.
எர்மன்னோவுக்கு எழுபத்தாறு,
இடது காதில் கருவி, வலது முழங்காலில் டைட்டானியம்.
மூன்றாம் பாட்டின் உச்சியில் அந்த ஒற்றை ஸ்வரம்
ஏணி வைத்தாலும் எட்டாது இனி.
இரண்டு கட்டை இறக்கினோம்.
"துல்லியோவுக்கு ஜலதோஷம்" என்றார் கிதார்க்காரர்.
எர்மன்னோ சிரிக்கவில்லை.
கொஞ்ச நேரம் கழித்துக் கழிப்பறையிலிருந்து
சிரிப்புச் சத்தம் கேட்டது.

ஒன்றில் மட்டும் இம்மியும் இறங்கவில்லை.
முதல் பக்கம் முடிந்ததும்
தட்டைத் திருப்பிப் போடும் நேரம் வேண்டும் என்றார்.
மேடையில் ஏது தட்டு?
"எழுந்திருக்க வேண்டும், தூசி ஊத வேண்டும்,
முள்ளைப் பார்த்து வைக்க வேண்டும்.
அதையும் சேர்த்துத்தான் எழுதினோம்.
லிவியோ எண்ணியிருக்கிறான், முப்பத்தெட்டு விநாடி."

ஆறாம் பாட்டில் புல்லாங்குழல் ஓய்ந்ததும்
ஓர் இருமல் பதிவாகியிருக்கிறது.
ட்ரம்முக்கு வருமுன் லிவியோ
இரண்டு வருஷம் வார்ப்பு மணலைச் சுவாசித்தவர்.
மறுபடி வாசிக்க ஸ்டுடியோ வாடகைக்குக் காசில்லை.
என் தாளில் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி.
"நான் இருமட்டுமா?"
"வேண்டாம், அது அவன் வாசித்தது."

நவம்பர். மூடுபனி டிராம் கம்பிவரை இறங்கிய இரவு.
நரைத்த குதிரைவால்கள், தடித்த கண்ணாடிகள்,
பாலிதீனில் சுற்றிய தட்டின் உறையை
மடியில் குழந்தைபோல் வைத்திருந்த ஒருவர்.
மூன்றாம் பாட்டில்
இறக்கிய ஸ்வரத்தையும் அவர் பிடிக்கவில்லை.
தவறிய டிராமைப் பார்ப்பதுபோல்
அது போன திசையைப் பார்த்தார், பாடிக்கொண்டே.

பக்கம் முடிந்தது. முதுகைக் காட்டி நின்றார்.
எண்ண ஆரம்பித்தேன்.
இருபதில், இருட்டிலிருந்து யாரோ
"ஃபூ" என்று ஊதினார்கள்.

பிறகு ஆறாவது.
புல்லாங்குழல் நின்றது, குச்சிகளைத் தூக்கினேன்.
மாடியிலிருந்து ஓர் இருமல்.
அதே அரை மூச்சில் கீழே, ஓரத்தில், நடுவில்,
இரண்டாயிரம் பேர் ஒருசேர இருமினார்கள்.
யாரும் சொல்லிவைக்கவில்லை.
ஐம்பது வருஷமாகத் தனித்தனி அறைகளில்
தாங்கள் மட்டும் கேட்டதாக நினைத்திருந்தவர்கள்.

எர்மன்னோவின் கை ஆர்கன்மேல் நின்றுவிட்டது.
வரவேண்டிய இடத்தில் வரவில்லை.
இடது காலால் ஹை-ஹாட்டை மட்டும்
மூடித் திறந்துகொண்டிருந்தேன், நான்கு ஆவர்த்தனம்.
வந்தார்.
வந்தது பழைய சுருதியில்.
விரல்களுக்கு யாரும் சொல்லவில்லைபோலும்
நாம் இரண்டு கட்டை இறங்கிவிட்டோம் என்று.
பேஸ்காரர் வியர்த்தார், கிதார்க்காரர்
கடவுளையும் பன்றியையும் சேர்த்துத் திட்டினார்.
எனக்கு மட்டும் சுருதிக் கவலை இல்லை.
குரல் கிழிந்தது. கிழிசலோடே கடைசிவரை போனார்.

உடைமாற்றும் அறையில் முழங்காலில் ஐஸ் வைத்தபடி:
"எத்தனை எண்ணினாய்?"
"நாற்பத்தொன்று."
யோசித்தார்.
"இன்றைக்குத் தூசி ஜாஸ்தி" என்றார்.