கழித்தல் பதினொன்று

ஈசூன். பதின்மூன்றாம் மாடி. இரவு ஒன்றரை.
அல்ஜுனிட்டில் இயோ என்பவரிடம்
பேரம் பேசி வாங்கிய டிரம் மெஷினும்
என் மடிக்கணினியும்
ஒரே கடிகாரத்தைப் பின்பற்றுவதாகத்தான் சொல்கின்றன.
திரையில் கோடு கடந்துபோகிறது;
அடி பிறகு வருகிறது.

பஃபரை அறுபத்து நான்காக்கினேன்:
காய்ந்த எண்ணெயில் கடுகு.
இருநூற்று ஐம்பத்தாறு:
சுத்தம், ஆனால் சோம்பல்.
கேபிளை மாற்றினேன். துளையை மாற்றினேன்.
தெரிந்த கொஞ்சம் ஹொக்கியனில் மெஷினைத் திட்டினேன்,
பழைய முதலாளியின் பாஷை என்று.

கடைசியில் ஒற்றை அடியை வெளியே அனுப்பி
அது திரும்பி வருவதைப் பதிந்து
இடைவெளியை அளந்தேன்.
பதினொரு மில்லிசெகண்ட்.
அதற்குள் ஒலி நாலு மீட்டர்கூட நடக்காது:
என் மேசையிலிருந்து குளியலறைக் கதவு.
ஆக, இத்தனை வாரமும் மெஷின்
என் எதிரில் இருக்கவே இல்லை,
ஈரக் கால்மிதியில் நின்று வாசித்திருக்கிறது.

கட்டத்தில் கழித்தல் பதினொன்று என்று தட்டினேன்.
அடி கோட்டின்மேல் உட்கார்ந்தது.
எட்டுச் சுற்று கேட்டேன், குறையில்லை.

பிறகு நஸீராவின் பேஸைத் திறந்தேன்.
இப்போது அவள் பிந்துகிறாள்.
போன சனிக்கிழமை, கண்ணை மூடிக்கொண்டு,
கதவோரம் நின்ற அந்த அடியோடு
ஒட்டி ஒட்டி வாசித்தவள்.

அவளையும் முன்னால் இழுத்துவிடலாம்.
சுட்டெலி அவள் அலைமேல் நிற்கிறது.
சன்னலுக்கு வெளியே ஒரு லாரியின் வெளிச்சம்,
அப்புறம் லாரி.

"நீ சரியாத்தான் வாசிச்சே. லேட்டானது மெஷின்."
அனுப்பிவிட்டேன்.
ஒரு டிக்.
இரண்டாவது இன்னும் விழவில்லை.