மீட்டெடுத்த பதிப்பு

தபால் கந்தோரில் பொதியைப் பிரித்த பெண்
"சீடியா?" என்றாள்,
செத்துப்போன ஆளைச் சந்தையில் கண்டதுபோல.

நான்கு இறுவட்டு. நாற்பது பக்கக் கைநூல்.
மூலச்சுருளைத் தேடியெடுத்து
தூசு தூசாகத் துடைத்ததாம்,
இருபத்தேழு நிமிடம் கூடவாம்.
ஒரு கம்பனியையே மூழ்கடித்த படம்.
வேற்றுக் கிரகத்துக் கடல் வேண்டுமென்று
பாலைவனத்தில் தொட்டி கட்டினார்கள்.
தொட்டி இரண்டு தரம் வெடித்தது.
எங்களிடம் கேட்டிருக்கலாம்.
சீனக்குடாக் காட்டுக்குள் துருப்பிடித்த எண்ணெய்த் தாங்கிகள்
யாரோ இறங்கி, பிடிக்காமல் திரும்பிப் போன மாதிரி
இன்னும் நிற்கின்றன.
கடலும் ஆழம். செலவில்லை.
நேவியிடம் பாஸ் எடுப்பதுதான் கரைச்சல்.

போட்டுப் பார்க்க வழியில்லை.
என் மடிக்கணினிக்கு வாய் கிடையாது.
மா ஆலையில் ஷிஃப்ட் முடித்து
ஆறு வீடு ஏறி இறங்கி,
கடைசியில் உவர்மலைப் பல் டொக்டர் அல்மேதா
நோயாளர் இருக்கும் அறையிலிருந்து கழற்றித் தந்தார்.
"திங்களுக்குள்ள கொண்டு வாரும்.
கார்ட்டூன் இல்லாட்டி பிள்ளையள் வாய் திறக்காதுகள்."

தொண்ணூற்றாறில்
றிபாய்தீன் வீடியோவில் இதே படம்,
கொப்பியின் கொப்பியின் கொப்பி.
கடலெல்லாம் ஊதா. கதாநாயகனுக்கு இரண்டு மூக்கு.
இரண்டு மணி நேரம் ஓடி,
தாய்க்கப்பல் மோதப்போகும் அந்த வினாடியில்
திரை ஒருமுறை குமட்டும்.
பிறகு கல்யாண வீடு.

வெறுங்கசெட் தட்டுப்பாடு.
படத்தின் வாலில் பதிந்துவிட்டார் மனிசன்:
லோஜினி அக்காவின் கூறை,
மேளத்தை அமுக்கும் ஜெனரேட்டர்,
சர்பத் தட்டோடு வரும் தம்பி கபிலராஜ்
கமராவைக் கண்டு தட்டைச் சரித்து
நாக்கைக் கடித்துச் சிரிப்பான்.
பதினொரு நிமிடம். அப்புறம் இரைச்சல்.

எங்கள் ஒழுங்கைக்கு அதுதான் முடிவு.
விண்வெளியால் தப்பி வந்தவர்கள்
பந்தியில் இருந்து சாப்பிடுகிறார்கள்.
ஒருவரும் கேள்வி கேட்கவில்லை.
நல்ல முடிவுதானே.

அடுத்த வருஷம் கபிலராஜ்
சைக்கிளுக்குக் காத்தடிக்கப் போனான்.
சைக்கிள் கிடைத்தது.
லோஜினி அக்காவின் சொந்தக் கசெட்
கனடா போகும் வழியில் எங்கோ தொலைந்தது.
அதன் பிறகு
இங்கிலீசு தெரியாத இராசமலர் அம்மா
வெள்ளிதோறும் கடைக்கு வந்து
விண்வெளிப் படத்தை வாடகைக்கு எடுத்தா.
அத்தனை கோடி டொலரையும்
பொத்தானிலிருந்து விரல் எடுக்காமல்
ஓட்டிக் கடப்பா.
றிபாய்தீன் முதலில் காசு வாங்கினார்.
பிறகு வாங்கவில்லை.
பிறகு வேறு ஆருக்கும் கொடுக்கவில்லை.

கடை சுனாமியோடு போனது. கசெட்டும்.

சனி இரவு பார்த்தேன்.
கடல் ஊதா இல்லை, பச்சை.
கதாநாயகனுக்கு ஒரே மூக்கு, பக்கத்தில் மரு.
டைரக்டர் பேசும் ஒலித்தடத்தில் ஒரு கிழவர் இருமி இருமி
"இந்த அலைக்கு நாலு மில்லியன்" என்கிறார்,
மன்னிப்புக் கேட்கும் குரலில்.
தாய்க்கப்பல் கிட்ட வர வர
ரிமோட் கைக்குள் நனைந்தது.

திரை குமட்டவில்லை.
மோதவும் இல்லை. கப்பல் திரும்பிப் போனது.
ஒரு சூரியன். பிறகு பெயர்கள்,
ஒன்பது நிமிடம் பெயர்கள்:
தச்சர், மின்காரர்,
தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றிய லொறிச் சாரதிகூட.
எல்லாவற்றையும் வாசித்தேன்.

கைநூலின் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில்:
இன்னும் கிடைக்காத காட்சிகள்
எவரிடமாவது இருந்தால் அறிவிக்கவும்.
முகவரி இருந்தது.
பேனையை எடுத்து
மூடியைக் கழற்றி
மூடினேன்.

திங்கள் காலை இயந்திரத்தைத் திருப்பிக் கொடுக்க,
கையுறையோடு வந்த டொக்டர் கேட்டார்:
"கடைசியில என்ன நடக்குது?"
உள்ளே ஒரு பிள்ளை வாயைத் திறந்தபடி காத்திருந்தது.
கல்யாணம், என்றேன்.