எடைமேடையிலிருந்து மேற்கு

ஏழு பத்து.
பகாவ் செம்பனை ஆலையின் எடைமேடையில்
கடைசி லோரி ஏறி இறங்கியாயிற்று.
ரசீதைக் கிழித்துக் கொடுத்துவிட்டு
இழுப்பறையிலிருந்து கேமராவை எடுக்கிறேன்.
தவணை இன்னும் நான்கு மாதம் பாக்கி.

ஓராண்டாக நான் எடுத்த சூரியன்கள் எல்லாம்
அவித்த முட்டைகள்.
வானம் வெளுத்து, தரை கரியாகி,
பங்காளிச் சண்டை தீர்த்ததுபோல் அடிவானம்
படத்தைச் சரிபாதியாக அறுத்து வைத்திருக்கும்.

பிறகு தெரிந்தது, இதுவும் என் வேலைதான்.
நிறைலோரி எடை, வெறும்லோரி எடை,
கழித்தால் மிஞ்சுவது பழம்.

மின்கம்பியைக் கழித்தேன், இரண்டடி இடப்பக்கம் நகர்ந்து.
உரக் கம்பெனிப் பலகையைக் கழித்தேன், குந்தி உட்கார்ந்து.
அடிவானத்தை மூன்றில் ஒரு பங்குக்கு இறக்கினேன்.
புகைபோக்கியை ஓரத்துக்குத் தள்ளினேன்,
அங்கே நின்றால்தான்
புகைக்குச் சாய்ந்துகொள்ள இடமிருக்கிறது.
சூரியனைப் பார்த்து அளக்கக் கூடாது.
பக்கத்து வானத்தைப் பார்த்து அளந்து
அரை ஸ்டாப் குறைக்க வேண்டும்.
இந்த ஒரு வரிக்கு
எனக்கு முந்நூற்றுப் பதினேழு படங்கள் செலவு.

இன்று மழை விட்ட மாலை.
லோரித் தடங்களில் தேங்கிய தண்ணீரில்
ஆளுக்கொரு கை ஆரஞ்சு.
துப்பட்டா நுனியால் லென்சைத் துடைத்தேன்.
மூச்சை நிறுத்தினேன்.

சட்டகத்துக்குள் மொக்லேசுர் வந்து நின்றான்.
பழக்குலை ஏற்றுகிறவன்,
தோளில் இரும்புக் கம்பி, முழங்கால்வரை பூட்ஸ்.
நல்ல நிழலுரு என்று அழுத்திவிட்டேன்.
உண்மையிலேயே அற்புதமான படம்.
காட்டினேன்.

முகம் இருக்க வேண்டிய இடத்தைப்
பெரிதாக்கிப் பார்த்தான். கறுப்பு.
இன்னும் பெரிதாக்கினான்.
பெரிய கறுப்பு.

“மூக்கா சயா மானா?”

வானம் கெட்டுவிடும் என்றேன் எனக்குத் தெரிந்த மலாயில்.
குரிகிராமில் அம்மாவுக்கு அனுப்பணும்,
வானம் அங்கேயும் இருக்கு என்றான்.

திரும்பி நில், வெயில் முகத்தில் விழட்டும் என்றேன்.
அப்போ சூரியன் வராதே, அதுவும் வேணும்.

சரிதான். யாருக்குத்தான் இரண்டும் வேண்டாம்?

ஒரு ஸ்டாப் கூட்டினேன். இரண்டு. மூன்று.
ஓலைகள் கரைந்தன. புகைபோக்கி போனது.
ஓராண்டுப் படிப்பு வெள்ளையாகிக்கொண்டிருக்க
மெல்ல மெல்ல வந்து சேர்ந்தது அவன் முகம்,
புருவத்தில் ஒட்டிய பழநார்,
படத்துக்கென்று மூடிய உதடு,
மூடியும் தெரிகிற உடைந்த பல்.

அனுப்பி முடித்தபின் கேட்டான்,
பின்னால் இந்த வெள்ளை என்ன?
சூரியன் என்றேன்.
தலையாட்டினான், நம்பியவன் மாதிரி.

முதல் படத்தை நான் அழிக்கவில்லை.
அதையும் சொல்லிவிடுகிறேன்.

மேடையைக் குறுக்கே கடந்து போனான்.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம், சிவப்பு எண்களில்
அறுபது கிலோ எழுந்து
பூஜ்யமாயிற்று.